விடியும்வரை அணையாத போன்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முட்டிவலி தேவலையா? பாப்பாவுக்குச் சளி விட்டதா?

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். ஆபீசில் ஜெராக்ஸ் மிஷின்மேல் சாய்ந்தபடியே தூங்கிவிட்டேன். "நின்னுக்கிட்டே தூங்குறியே, நீ என்ன குதிரையா?" என்று சிரித்த பக்கத்து சீட்டு அக்காதான் டாக்டரிடம் இழுத்துப்போனாள். ரத்தம், தைராய்டு எல்லாம் சரியாம்.

"ராத்திரி எப்படிம்மா தூங்குறீங்க?" என்றார் டாக்டர். ஊரில் உன்னிடம் விட்டுவந்த என் பாப்பாவின் மூச்சுச் சத்தம் கேட்க நம் வீடியோ காலை விடியும்வரை அணைப்பதில்லை, அவள் புரண்டாலே விழித்துவிடுவேன் என்றேன்.

"அதான் குழந்தை பக்கத்துல உங்கம்மா இருக்காங்கல்ல? நீங்க வேற எதுக்குக் காவல்? அணைச்சிட்டுப் படுங்க, அசதி தானா போயிடும்."

தினமும் முயல்கிறேன், கை வரவில்லை. இனி நீயே அணைத்துவிடு அம்மா. போர்வையை உதைத்துத் தள்ளுவாள், பார்த்துக்கொள். இருமினால் எந்நேரமானாலும் கூப்பிடு. அணைப்பதற்கு முன் அவள் முகத்தை ஒருமுறை காட்டிவிடு.

கண் சொக்குகிறது.

உன் மகள்