அண்ணாச்சி கடையில் உரித்த ஸ்டிக்கர்

இன்று காலை புது எவர்சில்வர் டப்பாவில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை எடுக்க, என் மகள் தேங்காய் எண்ணெய் தடவித் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாசனைக்கு நீ வந்து நின்றுவிட்டாய். நீ கண்ணை மூடி நான்கு வருடமாகிறது; இப்படி அசந்த நேரம் பார்த்துத்தான் வருகிறாய்.

தண்டையார்பேட்டையில் சிநேகிதிகள் நாம் இருவரும் சேர்ந்து கம்ப்யூட்டர் கடை போட்ட புதிது. லினக்ஸில் ஓடும் இலவச மென்பொருள் ஒன்றைத் தமிழ்ப்படுத்தி, குடோன் சரக்கு இருப்புப் பார்க்கத் தோதாக மாற்றி, சிடியில் போட்டு விற்றோம். தாராளமாக விற்கலாம், ஆனால் வாங்கியவர் அதை இன்னொருவருக்குக் கொடுப்பதைத் தடுக்கக் கூடாது. அதன் உரிமம் அப்படி. நானோ, கண்ணில் பட்ட சிடி உறையிலெல்லாம் இருக்கிறதே என்று, ‘நகல் எடுப்பது குற்றம்’ என ஸ்டிக்கர் அடித்து ஒட்டிக் கடை கடையாகக் கொடுத்தும்விட்டேன்.

“இன்னாடி இது? ஊர்ல யாரோ சும்மா குடுத்தத நாம பூட்டி வெச்சிக்கினு விக்கிறதா?” என்று கத்தினாய்.

“உண்மைய சொன்னா ஒருத்தனும் வாங்க மாட்டான். கடைய மூடிக்கினு வூட்டுக்குப் போவ வேண்டியதுதான்” என்று நானும் கத்தினேன்.

நீ ஸ்டிக்கரை உரிக்கத் தேங்காய் எண்ணெய் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாய். முறைத்துக்கொண்டே பின்னால் வந்தேன்.

முதல் ஆளாக நம்மிடம் சிடி வாங்கிய பருப்பு மண்டி அண்ணாச்சி எதிரில் உட்கார்ந்து, அவர் சிடியின் ஸ்டிக்கரைத் தேய்த்தபடியே விஷயத்தைச் சொன்னாய். அவர் முகம் கறுத்துவிட்டது.

“ஏம்மா, சும்மா கெடைக்கதையா எனக்கு வித்திய?”

“ஆமா அண்ணாச்சி. ஒங்க கடைக்கு ஏத்தா மாதிரி மாத்திக் குடுத்தோம், நின்னு போனா ஓடியாறோம். அதுக்குத்தான் துட்டு. நீங்க யாருக்கு வேணா காப்பி போட்டுக் குடுங்க.”

உன்னைக் கிள்ளவேண்டும் போலிருந்தது. அவரும் விடவில்லை, ராயபுரத்து மச்சினனுக்கு ஒரு காப்பி கொடுத்தார். அதைத் தன் கடைக்கு ஏற்றபடி மாற்றித் தரச்சொல்லி மச்சினன் நம்மைத்தான் கூப்பிட்டார். மற்ற கடைகளிலும் இப்படியே போய்ச் சொன்னதில் சிலர் கோபித்துக்கொண்டார்கள்; போனவர்கள் போனவர்கள்தான், திரும்பவில்லை. ஆனாலும் கடை மூடவில்லை.

இன்றும் வாங்க வருபவரிடம் நான் முதலில் சொல்வது, “இது சும்மாவே கிடைக்கும்” என்பதுதான். சிலர் எழுந்து போகிறார்கள். விவரம் தெரிந்த யாராவது உள்ளே வந்தாலும் மறைக்க ஒன்றுமில்லை. இந்த நிம்மதி நீ கொடுத்தது. அன்று வழியெல்லாம் உன்னை முறைத்தேனே தவிர, நீ இருந்தவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், நன்றிடி.