லவோன் கலக்கிய எலுமிச்சைச் சாறு

ஆல்டர் க்ரீக்
ஏப்ரல் 29, 2019, திங்கள் காலை

அன்பு மகள் மாரிட்டுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் காற்றடிக்கிற ஊரில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இங்கே அப்பாவும் நானும் நடமாடிக்கொண்டும் சாப்பிட்டுக்கொண்டும்தான் இருக்கிறோம், மனசும் நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. பனி ஒருவழியாகப் போய்விட்டது, ஓடைத் தண்ணீர் பாலம் வரைக்கும் ஏறி எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனது. அப்பாவின் முழங்கால் மாடிப்படியைக் கண்டால் வலிக்கிறது, மீன் பிடிக்கக் கூப்பிட்டால் வலிப்பதில்லை. நாய்க்கு ஒரு பல்லைப் பிடுங்கியாயிற்று. உங்களுக்கு அங்கே பருவமெல்லாம் தலைகீழ், இனிமேல்தான் குளிர் ஆரம்பிக்கும், இரும்புச்சத்து மாத்திரையைக் காபியோடு விழுங்காதே, உடம்பில் ஒட்டாதாம், மருந்துக்கடைக்காரர் சொன்னார். போனில் பேசாமல் இவள் ஏன் தாளும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டாள் என்று நினைப்பாய். போனில் என்றால் நீ நடுவிலே, அதனால என்னம்மா, அப்ப உனக்குச் சின்ன வயசுதானே என்று ஒரு வார்த்தை சொல்வாய், நான் அதைப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிடுவேன். தாளில் நீ குறுக்கே பேச முடியாது.

விஷயம் ஜூனில் நடக்கப்போகும் விழாதான். எங்கம்மா பால்தொட்டியில் பாடியவள் என்று நூலகத்து ஜூடியிடம் நீ பெருமையாகச் சொல்லிவைத்தாய். அவள் என்னுடைய பத்தொன்பது வயதுப் போட்டோவை எங்கிருந்தோ தேடிப்பிடித்துச் சுவரொட்டி அடித்து வங்கி, தபால் நிலையம், மளிகைக்கடை என்று ஒரு சுவர் விடாமல் ஒட்டிவிட்டாள். நான் பேசப்போகிறேனாம், ஐம்பது வருஷத்துக்கு முந்தைய அந்த நாட்களைப் பற்றி. நீயும் அதைக் கேட்க விமான டிக்கெட் எடுத்துவிட்டாய். மளிகைக்கடையில் என் முகத்தை நானே பார்க்க முடியாமல் முட்டை வாங்கப் பக்கத்து ஊருக்குக் காரோட்டிப் போய்க்கொண்டிருக்கிறேன். அப்பா கேட்டதற்கு அந்த முட்டை பெரிதாக இருக்கிறது என்று சொன்னேன். எனக்குப் பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது பார்.

பால்தொட்டி எப்படி இருந்தது என்று நீ பல தடவை கேட்டிருக்கிறாய், நான் நன்றாகத்தான் இருந்தது என்று சொல்லிப் பாத்திரம் கழுவப் போய்விடுவேன். இப்போது சொல்கிறேன். மூடிக்கிடந்த பழைய சீஸ் ஆலைதான் அது. மேடிசனில் படிக்கப்போய்ப் படிப்பை முடிக்காமல் தலைமுடியை மட்டும் வளர்த்துக்கொண்டு திரும்பிவந்த கோர்டி நெஸ் அதைச் சுண்ணாம்பு அடித்து, பால் திரிய வைக்கிற பெரிய தொட்டியைக் கவிழ்த்துப்போட்டு மேடையாக்கினார், அதனால் அந்தப் பெயர். எவ்வளவு கழுவினாலும் புளித்த பால் வாடை போகவில்லை, வெயில் நாளில் தெரு வரைக்கும் அடிக்கும். சிகாகோவிலிருந்து மினியாபோலிஸ் போகிற வாத்தியக்குழுக்கள் ஞாயிற்றுக்கிழமை சும்மாதானே இருக்கிறோம் என்று வழியில் இறங்கி மத்தியானம் இரண்டு மணிக்கு வாசிப்பார்கள். எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் மாடு. நாலரை மணி ஆனால் எவ்வளவு உருக்கமான பாட்டாக இருந்தாலும் பாதிக் கூட்டம் எழுந்து பால் கறக்கப் போய்விடும். ஒரு தடவை சிகாகோக் கிதார்க்காரன் முகம் சிவந்து, அவ்வளவு மோசமாவா வாசிக்கிறேன் என்று கேட்டான். உன்ன விடச் சத்தமா எங்க மாடு கத்தும் தம்பி, அத யாரு கேக்கறது என்று கோர்டி மைக்கிலேயே சொன்னார். சாராயம் விற்க அனுமதி கிடையாது, அதனால் குடிக்க எலுமிச்சைச் சாறுதான், அதைப் பெரிய வாளியில் கலக்கி அகப்பையால் ஊற்றிக்கொடுப்பது அவருடைய தங்கை லவோன். ஆமாம், உன் லவோன் அத்தைதான், பெத்தின் அம்மா. உள்ளே வருகிறவர்களின் புறங்கையில் ஆலையின் பழைய முத்திரையைக் குத்துவார்கள், சீஸ் மேல் குத்துவது, ஊதா நிறத்தில் முதல் தரம் என்று இருக்கும். அந்த மை சோப்புக்குப் போகாது. சின்னப்பிள்ளைபோல் நான் அதற்காகவே கையை இரண்டு தடவை நீட்டியதுண்டு. முதலில் பின்பாட்டுப் பாடினேன், அப்புறம் மூன்று ஞாயிறு தனியாகவே பாடினேன். உன்னையும் அப்பாவையும் வைத்துக்கொண்டு சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே, அந்த நாற்றம் பிடித்த இடத்தில் இருந்தபோது இருந்த சந்தோஷம் எனக்கு வேறெங்கும் வரவில்லை.

வீட்டில் என்ன சொல்லிவிட்டுப் போனேன் தெரியுமா, முதியோர் இல்லத்தில் பைபிள் வாசிக்கப் போகிறேன் என்று. உன் தாத்தா சபை மூப்பர், அதைக் கேட்டு ஊரெல்லாம் சொல்லி மகிழ்ந்தார். பால்தொட்டியிலிருந்து வந்ததும் மண்ணெண்ணெய் போட்டுக் கையைத் தேய்த்துவிடுவேன். அறுபத்தொன்பது அக்டோபரில் ஒரு ஞாயிறு மாலை அறுவடை ஆராதனை இருந்தது, பாட்டு நீண்டுவிட்டதால் நேரே கோவிலுக்கு ஓடினேன். காணிக்கைத் தட்டை என் அப்பாவிடம் நீட்டினேன், அவர் தட்டைப் பார்க்கவில்லை, என் புறங்கையைப் பார்த்தார். திரும்பி வரும்போது எங்கள் வீட்டுப் பாதைக்கு முன்னாலேயே காரை ஓரமாக நிறுத்தினார். திட்டவே இல்லை. உன்ன யாரும்மா அங்க கூட்டிட்டுப் போனாங்க என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். அப்ப நீயாவா போன என்றார், அதைக் கேட்கும்போது அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று, எனக்கு அந்த முகத்தைத் தாங்க முடியவில்லை. எலுமிச்சைச் சாறுல ஏதோ கலந்து குடுத்தாங்கப்பா, அப்புறம் எனக்கு ஒண்ணுமே நினைவில்ல என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. அப்பாவின் முகம் நேரானது. அவர் மகள் கெட்டவள் இல்லை, மகளைக் கெடுக்கப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அழுதுகொண்டே என் தலையைத் தடவினார். அதைவிட அவர் அறைந்திருக்கலாம்.

அப்போது போலீஸ் தலைவராக இருந்த ஷெரிஃப் எங்கள் சபையில் எங்களுக்கு முன்வரிசையில் உட்காருகிறவர். மறுநாளே அப்பா போய்ச் சொல்லிவிட்டார், என் பெயர் வெளியே வரக்கூடாது என்று கைமேல் சத்தியம் வாங்கிக்கொண்டு. அடுத்த ஞாயிறு மூன்று மணிக்கு நாலு கார்களில் போய்ச் சூழ்ந்துகொண்டார்கள். நான் அப்போது வீட்டில் மேஜைவிரிப்புக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். லவோன் கலக்கிவைத்த வாளியை அகப்பையோடு பரிசோதனைக்குத் தூக்கிப்போனார்கள், அதில் எலுமிச்சையும் சர்க்கரையும் தவிர என்ன இருக்கும், ஆனால் வெளியூர் மத்தளக்காரன் ஒருவன் கோட்டுப்பையில் கஞ்சாப் பொட்டலம் கிடைத்துவிட்டது, அது போதுமானதாக இருந்தது. இடத்துக்குப் பூட்டு, கோர்டிக்குப் பதினோரு மாதம் ஜெயில். விசாரணையில் ஷெரிஃப் சத்தியத்தை மீறவில்லை, உள்ளேயே பழகற நல்ல குடும்பத்துப் பொண்ணு ஒருத்திதான் எலுமிச்சைச் சாறப் பத்தி எங்களுக்குத் தகவல் சொன்னா என்று மட்டும் சொன்னார். நான் தப்பித்தேன். கோர்டி வெளியே வந்தபிறகு தங்கையோடு பேசுவதை நிறுத்திவிட்டார். லவோன் அப்போது ஷெரிஃபிடம் வேலை பார்த்த ரோஜருடன் பழகிக்கொண்டிருந்தாள், பிறகு அவரையே கட்டிக்கொண்டாள். ஜெயிலில் போட்ட கூட்டத்து ஆளைக் கட்டிக்கொண்டாளே என்ற கோபம் என்று ஊரே நினைத்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன், அல்லது அப்படி நினைத்தால் எனக்கு வசதியாக இருந்தது, இரண்டில் எது என்று இப்போது என்னாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இத்தனைக்கும் நாற்பது வருஷம் லவோன் எனக்கு உயிர்த்தோழி. நீயும் பெத்தும் ஒரே தொட்டிலில் கிடந்தவர்கள். ஞாயிறுதோறும் கோவிலில் அவள் பக்கத்தில் நின்றுதான் பாவ அறிக்கை சொல்லுவேன், எண்ணத்தால் செய்ததும் சொல்லால் செய்ததும் என்று. எல்லோரும் சேர்ந்து சத்தமாகச் சொல்லும்போது அது யாருடைய பாவமும் இல்லாமல் போய்விடுகிறது. பிப்ரவரியில் அவளை அடக்கம் செய்த அன்று கோவிலின் கீழ்த்தளத்தில் வந்தவர்களுக்கெல்லாம் காபி ஊற்றியது நான். கோர்டி கோவிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்துவிட்டுச் சாப்பிட இறங்காமல் போய்விட்டார்.

சுவரொட்டி வந்தபிறகு எனக்குத் தூக்கம் இல்லை. மேடையேறி அந்த நாட்களைப் புகழ்ந்து பேசுவதற்கு முன் கோர்டியிடமாவது உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று போன செவ்வாய்க்கிழமை ஒரு தட்டு நிறையக் கேக் செய்து எடுத்துக்கொண்டு அவர் பட்டறைக்குப் போனேன். வெறுங்கையோடு மன்னிப்புக் கேட்கக்கூட எங்களுக்குத் தெரியாதே. படகு மோட்டார் ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். என்ன ஆர்டிஸ், பாட்டு மறந்துபோச்சா, ஒத்திகை பாக்க வந்தியா என்று சிரித்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், கையிலிருந்த தட்டைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கந்தல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் கேட்டார், அப்ப அது லவோன் இல்லையா என்று.

எனக்கு முதலில் புரியவே இல்லை, மாரிட். அவர் சொல்லச் சொல்லத்தான் புரிந்தது. உள்ளேயே பழகுகிற பெண், எலுமிச்சைச் சாறு பற்றிச் சொன்னவள், ஷெரிஃபின் ஆளோடு பழகுகிறவள், வேறு யாராக இருக்கும் என்று ஜெயிலில் உட்கார்ந்து அவர் கணக்குப் போட்டிருக்கிறார். தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையா என்றேன். கேட்டா ஆமான்னு சொல்லிடுவாளோன்னு பயம் ஆர்டிஸ், கேக்காத வரைக்கும் ஒரு ஓரத்துல அவ இல்லன்னு வெச்சுக்கலாமே என்றார். இது நம் ஊர்க் குணம்தான், உனக்குத் தெரியும், வீடு பற்றி எரிந்தாலும் கேட்டால் அவர்களுக்குச் சங்கடமாக இருக்குமே என்று பேசாமல் காபி குடிப்போம். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள், அது ஐம்பது வருஷம் அவர்கள் இரண்டு பேர் நடுவிலும் உட்கார்ந்திருந்திருக்கிறது. ஜனவரியில் லவோன் படுக்கையில் இருந்தபோது அண்ணன் வரவேண்டும் என்று ஆள்விட்டிருக்கிறாள். எனக்கு வேல இருக்குன்னு சொல்லி அனுப்பிட்டேன், ஏரி உறைஞ்சு கெடக்கற ஜனவரில எவன் ஆர்டிஸ் படகு மோட்டார் கொண்டுவருவான் என்றார்.

அதே ஜனவரியில் நான் சூப் எடுத்துக்கொண்டு போயிருந்தபோது லவோன் என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் அவனுக்கு என்னதான் பண்ணேன் ஆர்டிஸ், உனக்காவது தெரியுமா என்று கேட்டாள். ரோஜரக் கட்டிக்கிட்ட கோபந்தான், ஆம்பளைங்க அப்படித்தான், விடு என்று சொல்லி அவள் வாயில் சூப்பை ஊட்டினேன். இதை எழுதும்போது என் முகம் எரிகிறது. ஷெரிஃபுக்குத் தகவல் போனது யாரால் என்று தெரிந்த ஒரே ஆளை அவள் கேட்டிருக்கிறாள்.

கிளம்பும்போது கோர்டியிடம் மன்னியுங்கள் என்றேன். எங்கிட்டக் கேக்காத, எனக்குப் போனது பதினோரு மாசந்தான் என்றார். மேடைல நின்னு அழுது ஊர்கிட்டக் கைதட்டு வாங்காத, பெத்துகிட்டப் போய்ச் சொல்லு, அவங்கம்மா எதுக்காக வாசலப் பாத்துக்கிட்டே போனாங்கறது அந்தப் பொண்ணுக்குத் தெரியணும் என்றார்.

நேற்று உன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். நாற்பத்தைந்து வருஷம் கூட இருந்தவர், எழுந்து விறகு அடுக்கப் போய்விட்டார். அடுக்கி முடித்து உள்ளே வந்து, கார்ல பெட்ரோல் ரொப்பி வெச்சிருக்கேன், பெத் திங்கக்கிழம வீட்லதான் இருப்பா என்றார். ஜூடியிடமும் என் படத்தை எடுத்துவிடச் சொல்லியாயிற்று. ஜூனில் நீ வருவதும் வராததும் உன் இஷ்டம், டிக்கெட் வீணாகிறதே என்று வராதே, அம்மாவைப் பார்க்க மனமிருந்தால் வா. இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துசேரப் பத்துப் பன்னிரண்டு நாளாகும், முதலில் மகளுக்குத் தெரியட்டும், அதற்குப் பிறகு பெத்திடம் போகலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். பாதி எழுதியபோதே தெரிந்துவிட்டது, இதுவும் என் பழைய வேலைதான், இன்னும் பன்னிரண்டு நாள் நல்லவளாக இருந்து பார்ப்பதுதான். அதனால் பெத் வீட்டுக்குப் போகிற வழியில் இதைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டுப் போகிறேன். உனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

கர்த்தர் உன்னையும் மாப்பிள்ளையையும் கைவிடாமல் காப்பாராக, உங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் கேட்கப் பயப்படாமல் இருக்கட்டும். ஒன்றே ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். இது உன் கைக்கு வருவதற்குள் பெத் உன்னைப் போனில் கூப்பிட்டிருப்பாள், நீ ஒன்றும் புரியாமல் எனக்காகப் பரிந்து பேசியிருப்பாய். அவளைத் திரும்பக் கூப்பிடு. அவள் உன் அம்மாவை என்ன சொன்னாலும் ஆமாம் என்று கேட்டுக்கொள்.

உன் அம்மா,
ஆர்டிஸ்