செவ்வாய்க்கிழமை விற்றது

ஆகஸ்ட் 4

மூன்றாவது பாடத்தோடு கார் ஓட்டக் கற்பதையும் விட்டாயிற்று. ஏற்கெனவே விட்டவை: நீச்சல், கிளாரினெட், நியூகாசிலில் கட்டடப் பொறியியல். கடைசியாகச் சொன்னதில் மட்டும் ஒன்றரை வருடம் தாக்குப்பிடித்தேன், என் சாதனை அதுதான்.

எங்கள் ஊரான ஹெக்ஸமில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர் என் அப்பா. அவருடைய மகள் சிக்னலில் வண்டி அணைந்ததும் அழுதுகொண்டே கதவைத் திறந்து இறங்கிப் போகிறாள். போனதுகூடப் பரவாயில்லை. பின்னால் சைக்கிளில் வந்த தபால்காரி டோரீன் அந்தக் கதவில் மோதி விழுந்தாள். மணிக்கட்டில் விரிசல், மாவுக்கட்டு.

அப்பா கத்தவில்லை. சாப்பிடும்போது, கணப்புக்கு மேலே தொங்கும் வாளைப் பார்த்தபடி சொன்னார்: "கத்பர்ட் ஹார்பாட்டில் பாதியில எறங்கிப் போகல."

இந்த வீட்டில் எனக்கு வரும் திட்டெல்லாம் இந்த ஆள் வழியாகத்தான் வரும். அப்பாவின் கொள்ளுத் தாத்தாவுக்கு அப்பா. விக்டோரியா ராணியின் படையில் கேப்டன், கிரிமியப் போரில் ஆல்மா ஆற்றங்கரையில் சண்டை போட்டவர். செத்து நூற்று முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் என்னைவிட உருப்படியாக இருக்கிறார்.

ஆகஸ்ட் 7

மியூரியல் அத்தை வந்தாள். செப்டம்பர் 20, ஆல்மா தினம். வருடாவருடம் ஹார்பாட்டில்கள் கூடி, முதல் கோப்பை காலியாகும்வரை யாரும் வாய் திறக்காமல் குடிப்போம். கேப்டன் ஆரம்பித்த வழக்கம். இந்த வருடம் கூடுதலாக, தேவாலயத் தோட்டத்தில் அவர் பெயரில் ஒரு பெஞ்சு, அதில் பித்தளைத் தகடு. தகட்டுக்கான வாசகம் செப்டம்பர் பத்தாம் தேதிக்குள் பொறிப்பவரிடம் போக வேண்டும்.

"இவதான் சும்மா கெடக்காளே, கேப்டனப் பத்தி எல்லாம் தேடி இவளே எழுதட்டும்" என்றாள் அத்தை.

"முடிப்பாளா?" என்றார் அப்பா, நான் அந்த அறையில் இல்லாததுபோல.

"மொத்தம் பத்து வார்த்தடா, கார்டன். பத்து வார்த்தயக்கூடவா பாதியில விடுவா?"

அப்பா வாளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வைதான் உறைத்தது. இதை முடிப்பேன். எழுதிவைத்தால் மழுப்ப முடியாது, அதனால் எழுதிவைக்கிறேன்.

ஆகஸ்ட் 9

குலச்சொத்து மொத்தமும் சாப்பாட்டு மேசையில்: வாள், சுல்தான் என்ற குதிரையின் ஓவியம், E.T. என்று பொறித்த லாக்கெட் (உள்ளே ஒரு சுருள் பழுப்பு முடி), கண்ணாடிச் சட்டமிட்ட ஒரு பாதிக் கடிதம். 1854 மார்ச்சில் கேப்டன் தன் அண்ணனுக்கு எழுதியது: "செவ்வாய்க்கிழமை விற்றுவிட்டேன். நல்ல விலை. அப்பா என்னோடு பேசுவதில்லை."

குடும்பக் கதைப்படி, தன் சிப்பாய்களுக்குப் பூட்ஸ் வாங்க உயிருக்குயிரான சுல்தானை விற்றார். E.T. என்பது முதல் காதலி எமிலி. என்ன எமிலி, எந்த ஊர் எமிலி, யாருக்கும் தெரியாது.

"அத்தை, பதக்கம் எங்க?"

"அடக்கமான மனுஷன்டி. வேண்டாம்னு சொல்லியிருப்பாரு."

ஆகஸ்ட் 15

பத்து வார்த்தைகளில் இதுவரை எழுதியது: "கேப்டன்". அதுவும் அத்தை சொன்னது.

ஆகஸ்ட் 19

தூசி தட்டுகிறேன் என்று குதிரையைக் கீழே போட்டேன். சட்டத்தின் பின்பலகை கழன்றுவிட்டது. அதனுள்ளே ஓவியரின் கையெழுத்து: "சுல்தான், கேப்டனின் தோட்டத்தில், 1861."

ஐம்பத்து நாலில் விற்ற குதிரை அறுபத்தொன்றில் எப்படி எங்கள் தோட்டத்தில் புல் மேய்கிறது? அப்போ எதத்தான்யா வித்த?

ஆகஸ்ட் 22

வாளைக் குளியல் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் படைப்பிரிவு அருங்காட்சியகத்துக்குப் போனேன். ஓட்டுநர் என்னையும் துண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒண்ணுமில்லங்க, வாள்" என்றேன். என் புத்திசாலித்தனத்துக்கு எல்லையே கிடையாது. அடுத்த பஸ்ஸில் ஏறி, இந்த முறை வாயை மூடிக்கொண்டேன்.

அங்கே இருந்தவன் கல்லம், என் வயதுதான் இருக்கும். வாளின் விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினான். "இதால வெண்ணெயக்கூட வெட்ட முடியாது."

"வருஷாவருஷம் கேக் வெட்டுவோம். நசுங்கிடும்."

"நசுங்காம என்ன பண்ணும்? போருக்குக் கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி அதிகாரிங்க வாளைச் சாணை பிடிச்சுக்குவாங்க. இது சாணைக்கல்லயே பாத்ததில்ல."

கடிதத்தின் படத்தைக் காட்டினேன். சிரித்துவிட்டான். "குதிரை இல்லங்க, பதவி! அந்தக் காலத்துல கேப்டன் பதவியக் காசு குடுத்து வாங்கணும். வேண்டாம்னா அடுத்தவனுக்கு வித்துட்டு வீட்டுக்குப் போயிடலாம்."

பழைய அரசிதழைத் தேடி எடுத்தான். போர் அறிவிக்கப்படுவதற்கு இரண்டு வாரம் முன்னால்: லெப்டினன்ட் எட்வின் த்ரிங், விலை கொடுத்து கேப்டன் ஆகிறார், ஓய்வுபெறும் ஹார்பாட்டிலின் இடத்தில்.

ஓய்வு! இருபத்தாறு வயதில்! நான் இருபத்தொன்றிலேயே பெற்றுவிட்டேன், ஐந்து வருடம் முந்திவிட்டேன். கத்பர்ட்டே, என் தங்கமே, நீயும் நம்ம ஆளா? வரும் வழியெல்லாம் வாளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

ஆகஸ்ட் 23

குளியலறைக் கண்ணாடி முன்னால் மூன்று முறை ஒத்திகை. "அப்பா, கத்பர்ட் பாதியில எறங்கிப் போகலன்னு சொன்னீங்கல்ல? ஒக்காருங்க." இரண்டாவதில் புருவம் நன்றாக ஏறியது. ஞாயிற்றுக்கிழமை விருந்தில், அத்தை வாயில் உருளைக்கிழங்கு இருக்கும்போது சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 24

கல்லம் செய்தி அனுப்பியிருக்கிறான். அந்த எட்வின் த்ரிங் ஆல்மாவில் இறந்திருக்கிறான். செப்டம்பர் 20. இருபத்திரண்டு வயது.

E.T.

லாக்கெட்டைத் திறந்தேன். முடியை ஊசியால் மெல்லத் தூக்கினால், அடியில் நாலாக மடித்த காகிதம். நகத்தளவுதான். "நீங்கள் கேட்டதால் என் மகனின் முடியை அனுப்புகிறேன். மன்னிப்புக் கேட்டு இனி எழுதாதீர்கள். ஹானா த்ரிங்."

ஐயோ. எத்தன கடிதம் போட்டிருப்பான் அந்த அம்மாவுக்கு? அந்த முதல் கோப்பை, அந்த மௌனம் — அதெல்லாம் பெருமைன்னு நெனச்சோமே. நான் வேற பஸ்ஸுல சிரிச்சுட்டு வந்தேன். லூசு.

ஆகஸ்ட் 25

விருந்து. அத்தை வாயில் உருளைக்கிழங்கு இருந்தது. என் வாயிலும்.

ஆகஸ்ட் 31

அத்தையே ஒரு வாசகம் கொடுத்திருக்கிறாள்: "ஆல்மா வீரர். பின்வாங்காதவர்." நான் தலையாட்டினால் போதும், வேலை முடிந்தது, வாழ்க்கையில் முதன்முறையாக ஒன்றை முடித்தவள் ஆகிவிடுவேன். வாயைத் திறந்தால் அப்பா பெருமைப்பட மிச்சமிருக்கும் ஒரே ஆளையும் பிடுங்கியதாகிவிடும். எனக்கு எப்போதுமே இரண்டு கதவு உள்ள வண்டிதான் வாய்க்கிறது, எந்தக் கதவைத் திறந்தாலும் யாராவது மோதி விழுவார்கள்.

செப்டம்பர் 2

டோரீன் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன்.

"ஒரு மாசம் லேட்டு" என்றாள்.

"தெரியும்."

"ஒத்தக் கையால சட்டை பட்டன் போட்டுப் பாத்திருக்கியா நீ?" மாவுக்கட்டை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். பிறகு, "கெட்டில்ல தண்ணி புடி, என்னால தூக்க முடியல" என்றாள். டீ நான்தான் போட்டேன். தண்ணியாக இருக்கிறது என்று திட்டிக்கொண்டே குடித்தாள்.

செப்டம்பர் 8

சொல்லிவிட்டேன். ஒத்திகை பார்த்த எதுவும் வரவில்லை. அரசிதழ் நகல், ஓவியத்தின் பின்பலகை, அந்தச் சின்னக் காகிதம், எல்லாவற்றையும் அப்பா முன்னால் வைத்தேன். காகிதத்தை இரண்டு முறை படித்தார்.

"இதுல ஒனக்குச் சந்தோஷமா?"

"மொத ரெண்டு நாள் இருந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் இல்லப்பா."

எழுந்து போய்க் கார் கழுவினார். காலையில்தான் கழுவியிருந்தார்.

செப்டம்பர் 9

அப்பா இன்னும் பேசவில்லை. தகட்டு வாசகத்தை எழுதி, அவருடைய டீக் கோப்பைக்கு அடியில் வைத்தேன்: "எட்வின் த்ரிங். ஆல்மா, 20 செப்டம்பர் 1854. கேப்டன் கத்பர்ட் ஹார்பாட்டிலின் இடத்தில்." சரியாகப் பத்து வார்த்தை.

செப்டம்பர் 10

கீழே இறங்கும்போது அப்பா பொறிப்பவரோடு தொலைபேசியில் இருந்தார். "ஆமாங்க, த்ரிங். இல்லங்க, எங்க குடும்பம் இல்ல." மேசையில் என் தாள். "கேப்டன்" என்ற சொல்லைக் கத்பர்ட்டுக்கு முன்னால் அடித்து, எட்வினுக்கு முன்னால் எழுதியிருந்தார். வேறு எதையும் தொடவில்லை.

செப்டம்பர் 12

அத்தை: "நம்ம காசுல, நம்ம ஊருல, எவனோ ஒருத்தனுக்குப் பெஞ்சா? எல்லாம் இவ வேல!"

அப்பா: "ஆமா. இவ வேலதான். முடிச்சுட்டா."

இரண்டாவது வாக்கியத்தை இன்னும் மூன்று முறை எழுதலாம் என்று தோன்றுகிறது. எழுதவில்லை. கஷ்டப்பட்டு.

செப்டம்பர் 20

அத்தை வந்தாள், தொப்பி போட்டுக்கொண்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு. மழைத் தூறல். பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. வீட்டுக்கு வந்து முதல் கோப்பையைக் குடித்தோம். எப்போதும் அந்த மௌனத்தில் எனக்குச் சிரிப்பு முட்டும். கேக்கைச் சமையலறைக் கத்தியால் வெட்டினோம்.

அக்டோபர் 6

நாலாவது பாடம். அப்பா கூப்பிடவில்லை, நானாகத்தான் போய் உட்கார்ந்தேன். அதே சிக்னல். அதே இடத்தில் வண்டி அணைந்தது. என் கை தானாகக் கதவுப் பிடிக்குப் போயிருந்தது, நானே அதைப் பார்த்தேன், அவரும் பார்த்தார்.

"எறங்குறதுன்னா எறங்கு" என்றார். "ஆனா மொதல்ல கண்ணாடியப் பாரு. பின்னாடி யார் வர்றாங்கன்னு பாத்துட்டு எறங்கு."

பார்த்தேன். இருபதடி பின்னால் சைக்கிளில் டோரீன், கட்டு அவிழ்த்த கையோடு, ஒரு காலைத் தரையில் ஊன்றி, கிட்டே வராமல் நின்றிருந்தாள்.

விளக்கு பச்சையானது. இன்னும் இரண்டு முறை அணைந்தது. அதற்குப் பிறகு நகர்ந்தது.