படிகாரம் வேண்டாம்

1956, தை மாதம், செவ்வாய்.

வாய்ப்புற்று என் வைத்தியத்துக்கு அடங்காது என்று சொல்லி, முனியம்மாவைப் பெங்களூருக்கு ரேடியம் வைக்க அழைத்துப் போனவன் நான்தான். வைத்தபின் வாயெல்லாம் புண். என் கஷாயத்தில் கொப்பளிக்கலாமா என்று டாக்டரைக் கேட்டேன்.

"அதுல என்னென்ன போடுவீங்க வைத்தியரே?"

மருந்துச் சரக்கைப் பெற்ற மகனுக்கு மட்டுமே சொல்வது எங்கள் வீட்டு வழக்கம். ஆனாலும் அவரிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"படிகாரம் எரியும், வேண்டாம். மத்ததெல்லாம் குடுங்க."

சுருக்கென்றது. ஆனாலும் படிகாரமில்லாமலே காய்ச்சிக் கொடுத்தேன்.

இன்று அவள் ஊரான உத்தனப்பள்ளி போனேன். "ரெண்டு உருண்டை களி முழுங்கிட்டனுங்க," என்றாள் முனியம்மா. நோய் போயிற்றா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவள் ஆஸ்பத்திரிச் சீட்டில் ரேடியத்துக்குக் கீழே என் கஷாயமும் எழுதியிருக்கிறது.

வந்ததும் அப்பாவின் மருந்து நோட்டை எடுத்து, அந்தக் கஷாயத்தில் படிகாரம் என்றிருந்ததை என் கையாலேயே கோடு போட்டு அடித்தேன். அவர் இருந்தால் திட்டியிருப்பார். எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.