தழும்பில்லாத கழுத்து

அன்புள்ள வாலுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம்தான், உன் சுகத்தை எப்படித் தெரிந்துகொள்வது என்று புரியாமல்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு நீ வீடியோவில் வந்தபோது அம்மா உன் செயினைக் கழற்றச் சொன்னாள், தாடையைத் தூக்கச் சொன்னாள், கழுத்தில் ஒரு கீறல்கூட இல்லை. கீழுதட்டுக்கு உள்பக்கமாகக் கருவியை விட்டுத் தைராய்டில் கட்டி இருந்த பாதியை எடுத்தார்கள், வெளியே தழும்பே தெரியாது என்று நீ சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, போனை வைத்ததும் நெஜமாவே பண்ணாங்களா, இல்ல நம்மள சமாதானப்படுத்துறாளா என்று என்னைக் கேட்கிறாள். நான் அவளுக்கு மேல். வீடியோவில் எடுத்த உன் படத்தை நம் ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஊரார் மருவையும் வெட்டுக்காயத்தையும் தினமும் படத்தில் அழிக்கிறவன் நான், அழித்த அடையாளமும் இல்லை. சந்தோஷப்பட வேண்டியதுதான், ஆனாலும் திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். தழும்பு இருந்தால் இவ்வளவுதான் பட்டிருக்கிறாள் என்று கண்ணுக்காவது தெரியும்.

கட்டி கெட்டதில்லை என்று ரிப்போர்ட் வந்ததும் எங்களுக்கு உயிர் வந்தது. அன்றைக்கும் நீ சிரிக்கவில்லை. படத்தில் தலைமுடி வைத்துத் தரச் சொன்ன பெரியவர், வைத்ததும் இது என் தம்பி, என் படத்தக் குடு என்று சண்டை போட்ட கதையைச் சொன்னேன், உன் உதடு அசையவில்லை. தாடையும் உதடும் மரத்துப்போயிருக்கு, கொஞ்ச நாள்ல சரியாயிடும்னு டாக்டர் சொன்னார் என்றாய். அதை நம்புகிறேன். அதோடு எங்கள்மேல் கோபமும் இருக்கிறதா என்பதுதான் தெரியவில்லை. தழும்பே இருக்காதுப்பா, எதுக்கு அலையறீங்க என்று நீதான் சொன்னாய், தழும்பு இல்லையென்றால் ஆபரேஷனும் சின்னதுதான் என்று நாங்களும் வராமல் இருந்துவிட்டோம். அது நிஜமாகவே வேண்டாம் என்றதா, வாங்க என்று கேட்கத் தயங்கியதா? அம்மா காலையில் கோபம்தான் என்கிறாள், சாயங்காலம் மரத்துப்போனதுதான் என்கிறாள், நானும் இரண்டுக்கும் எதிர்ப்பேச்சுப் பேசிக்கொண்டு திரிகிறேன்.

மாத்திரையை விடாதே. எதையும் ஆறவைத்துக் குடி, மரத்த உதட்டுக்குச் சுடுவது தெரியாது. ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம். இத்தனை வருஷம் முகம் பார்த்துப் பிழைத்தவனுக்கு உன் முகம் பிடிபடவில்லையம்மா. எனக்காக உதட்டை இழுத்துச் சிரிக்காதே. கோபம் என்றால் வாயைத் திறந்து திட்டிவிடு, கேட்டுக்கொள்கிறோம். வா என்றால் அன்றைக்கே கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்புகிறோம்.

உன் பதிலுக்காகப் போனும் கையுமாக இருக்கும்
அப்பா