கொழுந்து முத்திருச்சு

ஐப்பசி, செவ்வாய் இரவு

எனக்கு எழுத வராது. அதனால் போனில் பேசி வைக்கிறேன்.

குவைத்தில் வீட்டு வேலை செய்யும் மகள் செல்வி காலையில் கூப்பிட்டாள். அவள் பக்கத்தில் தமிழ் தெரிந்த ஏஜென்சிக்காரி இருந்தாள். சுகம் விசாரித்துவிட்டு, "கொழுந்து முத்திருச்சுப்பா" என்றாள் செல்வி.

'இங்கே இருக்க முடியவில்லை, வீட்டுக்குப் போகலாம்' என்று அதற்கு அர்த்தம். தேயிலைத் தோட்டத்தில் பிறர் எதிரில் பேசுவதற்கு நானும் செத்துப்போன என் மனைவி லெட்சுமியும் வைத்திருந்த சொல். செல்விக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்ததே இல்லை.

தெரணியகலை டவுனுக்குப் போய், இந்தச் சொல்லின் கதையைச் சொல்லி, ரகசியமாகப் பேச வழி உண்டா என்று போன் கடை முஸ்லிம் நானாவிடம் கேட்டேன்.

"உங்கட சொல்லு ஒரே சாவி, ஐயா. பூட்டவும் அதுதான், தொறக்கவும் அதுதான். காதுள்ள புள்ள களவெடுத்திட்டா!" என்று சிரித்தார். "போன்ல அப்படியில்ல. பூட்டை ஊருக்கே குடுக்கலாம், ஆரும் பூட்டலாம். தொறக்கிற சாவி உங்கட போன்ல மட்டுந்தான். மகள வொய்ஸ் அனுப்பச் சொல்லுங்க, நடுவுல ஒருத்தருக்கும் கேக்காது."

"தனியா இருக்கும்போது எல்லாத்தையும் சொல்லும்மா" என்று பேசி அனுப்பினேன். இன்னும் ஒன்றும் வரவில்லை.

லெட்சுமி அப்படிச் சொன்னபோதெல்லாம் "கொஞ்சம் பொறு" என்பேன். காலையில் பழக்கதோஷத்தில் மகளிடமும் அதையே சொல்லிவிட்டேன். அவளும் தாயைப் போலவே "சரி" என்று மட்டும் சொன்னாள்.