தகடு கழற்றிய கால்

கிளிநொச்சி,
21.02.2025

அன்பின் இராசேஸ்வரிக்கு,

நான் சுகம் என்று தொடங்குவதுதான் முறை. இந்த முறை அதைக் கொஞ்சம் பிந்தி எழுதுகிறேன். இரண்டு கிழமையாகத் தொலைபேசியில் என் முகத்தை மட்டும் காட்டியதற்கும், பின்னால் தெரிந்த சுவர் எங்கள் வீட்டுச் சுவரைவிட வெள்ளையாக இருந்ததற்கும் காரணம் ஒன்றுதான். நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். காலில் எலும்புக்குப் பூட்டியிருந்த தகட்டைக் கழற்றியாயிற்று.

நீர் திரும்பி வரும்வரை காலில் கத்தி வைக்க விடமாட்டேன் என்று உமக்குச் சத்தியம் செய்து தந்தவன் நான். அதை மீறியது பிழை. தொலைபேசியில் சொன்னால் நீர் பேசுவீர், நான் கேட்பேன், சங்கதி முடியாது. கடிதத்தில் நான் சொல்லி முடிக்கும்வரை உம்மால் குறுக்கே வர இயலாது. கலியாணம் கட்டி முப்பத்தெட்டு வருஷத்தில் எனக்கு வாய்த்த முதல் வசதி இது. பக்கத்து வளவு ஜெயரூபி நாளைக்கு அங்கே சுவிசுக்குத் திரும்புகிறாள். மிளகாய்த்தூளோடு இதையும் அவள் கையில் கொடுத்து விடுகிறேன்.

தை பிறந்ததும் புண் திரும்ப வாய் திறந்தது. நீர் காய்ச்சி வைத்துவிட்டுப் போன எண்ணெயை ஒழுங்காகப் பூசினேன். புண்ணும் ஒழுங்காகச் சீழ் வடித்தது. எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தோம். படம் எடுக்கும் கணபதி, எங்கள் பக்கத்து ஆளின் படத்தில் ஷெல் துண்டோ இரும்போ ஒன்றும் தெரியாவிட்டால் எந்த ஊரில் இருந்து வந்தவர் என்று விசாரிப்பாராம். டொக்டர் நிஷாந்தன் அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "ஐயா, தகடு கறள் பிடிச்சுப் போச்சு. இனியும் விட்டால் எலும்புக்குள்ள கிருமி இறங்கும். பிறகு தகட்டை இல்லை, காலைத்தான் கழற்ற வேணும்" என்றார். உமக்குச் சொல்லியிருந்தால் அடுத்த விமானத்தில் ஏறியிருப்பீர். மகள் தர்மிளாவுக்கு வயிற்றை வெட்டிப் பிள்ளை எடுத்து அப்போது நாற்பது நாள்கூட ஆகவில்லை. ஆகவே கையெழுத்தை நானே வைத்தேன்.

என் காலில் இருந்ததும் எவர்சில்வர்தான். அது கறள் பிடியாது, துருவே ஏறாது என்று முழு மாவட்டத்துக்கும் சொல்லி ஆணி விற்றவன் நான். அது பிழையாம். பிடிக்குமாம். ஆனால் ஒரு தலைமயிரைப் பல்லாயிரமாகக் கிழித்த மெல்லிசில் ஒரு தோலாகப் பிடித்து, அதற்கு மேல் கறள் வராமல் தன்னைத்தானே மூடிக்கொள்ளுமாம். கீறினால் அந்தத் தோல் திரும்ப வளருமாம். காற்றுப் புகாத இடுக்கில் மட்டும், ஆணித்தலைக்கு அடியில், அது வளராது. நாற்பது வருஷம் தண்ணீர்ப் பம்பு திருத்தியவன், கறள் போட்ட சோற்றில் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவன், அதன் குணத்தை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துத்தான் படித்தேன்.

எனக்கு இன்னுமொரு சங்கடமும் இருந்தது. உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டி ஜாக்கியில் இருந்து நழுவி என் காலில் விழுந்தது 2007 இல், சண்டையில் பாதை பூட்டி மருந்துச் சாமான் வராத காலம். அன்றைய டொக்டரிடம் தகடு இருந்தது, அதற்குரிய திருகாணி இரண்டுதான் இருந்தது. மிச்சம் நாலையும் வேறு பெட்டியில் தேடி எடுத்துப் பூட்டியிருக்கிறார். அவை வேறு உலோகம். கிணற்றுக்குள் இரும்புக் குழாயில் பித்தளையைப் பூட்டினால் இரும்புதான் சாகும் என்று எந்தப் பம்புக்காரனும் சொல்வான். உடம்பும் உப்புத் தண்ணீர்க் கிணறுதான். அது அந்த மனிதருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்துதான் பூட்டினார். சரியான ஆணி வரட்டும் என்று பார்த்திருந்தால் எனக்குக் கால் இருந்திராது. பிழையான நாலு ஆணியில் நான் பதினெட்டு வருஷம் நடந்திருக்கிறேன்.

சத்திரசிகிச்சைக்கு முதுகில்தான் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை, மேலே முழு விழிப்பு. நடுவில் ஒரு பச்சைத் துணி. ஐந்து ஆணி கழன்றது. ஆறாவது அசையவில்லை. திருகி வழுக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பேசாமல் படுப்பது என்னால் இயலாத காரியம் என்பது உமக்குத் தெரியும். "டொக்டர், அதை உடன கழற்றப் பாக்காதேங்கோ. முதல் ஒரு மயிரளவு இறுக்குங்கோ, பிறகு கழற்றுங்கோ" என்று சொல்லிவிட்டேன். தாதி சுமித்திரா, "ஐயா, இது உங்கட கராச் இல்லை. வாயை மூடிக்கொண்டு படுங்கோ" என்றா. திருகி ஒருதரம் இறுக்கும் சத்தம் கேட்டது. பிறகு கிறீச்சென்று ஒரு சத்தம், அதன் பின்னால் டொக்டரின் சிரிப்பு. "வந்திட்டுது, சுமித்திரா. ஐயாவைத் திட்டாதேங்கோ" என்றார். அவவோ, "அப்ப மிச்சத்தையும் அவரையே தைக்கச் சொல்லுங்கோ" என்றா.

தகட்டை ஒரு தட்டில் வைத்துக் காட்டினார்கள். ஆணித்தலை இருந்த இடமெல்லாம் கறையான் அரித்த பலகை போலக் குழி. பக்கத்துச் சதை கரி படிந்ததுபோலக் கறுத்திருந்ததாம். அதைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். ஆனால் தகட்டின் ஒரு விளிம்பில் எலும்பு வளர்ந்து மேலே ஏறி, வேலியில் கொடி படர்வது போல அதைப் பிடித்துக்கொண்டு நின்றதாம். உளி வைத்துத்தான் பிரித்தார்களாம். ஒருபக்கம் கறளும் சீழும், மறுபக்கம் இந்தப் பிடி. எனக்குத் தெரியாமல் என் காலுக்குள் இவ்வளவு காரியம் நடந்திருக்கிறது. நான் அந்தக் காலை நீட்டிக்கொண்டு பேப்பர் படித்திருக்கிறேன்.

அடுத்த நாள் நிஷாந்தன் சொன்ன இன்னொன்று என்னை இன்னும் விடவில்லை. என் உடம்பு இத்தனை வருஷமும் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது என்று நினைத்தேன். தொடவேயில்லையாம். உலோகம் உள்ளே போன அந்தக் கணமே இரத்தத்தில் மிதக்கும் புரதங்கள் ஓடி வந்து அதை மூடிவிடுமாம். முதலில் வருபவை சின்னவை, தொகையில் கூடியவை. ஆறுதலாக, பிந்தி வரும் பெரிய புரதங்கள் அவற்றை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் தாங்கள் இருக்குமாம். கலியாண மண்டபத்தில் நேரத்துக்கு வந்து முன்வரிசைக் கதிரையில் இருக்கும் எங்களைப் போன்றவர்களை, தலைவர்மார் வந்ததும் பின்னுக்கு அனுப்புவதை நீர் கண்டிருக்கிறீர். உடம்பிலும் அந்த நிர்வாகம்தான். பிறகு வரும் உயிரணுக்கள் காண்பது அந்தப் போர்வையை மட்டும். வந்தவர் உறவோ பகையோ என்பதை அதைப் பார்த்துத்தான் தீர்மானிக்கின்றன. எங்கள் கோயிலில் சட்டையைக் கழற்றினால்தான் உள்ளே விடுவார்கள். உடம்புக்குள் சட்டை போட்டால்தான் இடம்.

உள்தையலுக்குப் போட்ட நூலை வெட்டத் தேவையில்லையாம். சில மாதத்தில் உடம்பின் தண்ணீரே அதை அறுத்து அறுத்துக் கரைத்துவிடும். கரைந்தது மூச்சிலும் சிறுநீரிலுமாக வெளியே போய்விடும். தர்மிளாவின் வயிற்றைத் தைத்ததும் அப்படியான நூலாகத்தான் இருக்கும் என்றார். எங்கள் பிள்ளை தன் தையலை இப்போது மூச்சாக விட்டுக்கொண்டிருக்கிறாள். பனிக்குப் பூட்டிய அந்த அறையில் நீரும் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறீர். இதை நினைத்து ஒருநாள் முழுவதும் சோற்றையும் தொடாமல் என் மூச்சை இழுத்து விட்டுப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். சுமித்திரா காய்ச்சல் என்று நினைத்துக் கோல் வைத்துப் பார்த்தா.

பக்கத்துக் கட்டில் பூவரசங்குளத்து ஆண்டியப்பன். பாலை மரத்தில் இருந்து விழுந்து தொடையில் கம்பி போட்டவர். "நாமளும் கட்டடம் மாதிரித்தாங்க ஐயா, கம்பி போட்டாத்தான் நிக்கும்" என்பார். அவருடைய மனைவி சிவலட்சுமி அவருக்குச் சோறு கொண்டு வரும்போது எனக்கும் ஒரு பார்சல் கொண்டு வந்தா. ஒவ்வொரு நாளும் பார்சலை வைத்துவிட்டு, "அண்ணே, அண்ணிக்குச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்பா. நாளைக்குச் சொல்கிறேன் என்பேன். பத்தாம் நாள் கேட்கவில்லை. பார்சலை மட்டும் வைத்துவிட்டுப் போனா. அன்றைக்குத்தான் இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கினேன்.

மூன்று நாளைக்கு முன் வீட்டுக்கு வந்துவிட்டேன். புண் காய்ந்துவிட்டது, கிருமி எலும்புக்குள் இறங்கவில்லை. இனி எழுதலாம்: நான் சுகம். கோழி அடை கிடக்கிறது. வாய்க்கால் தண்ணீர் திங்கட்கிழமை விட்டார்கள்.

அம்மா இன்னும் ஒரு வருஷம் நிற்கட்டுமா என்று தர்மிளா என்னிடம் கேட்டு ஒரு மாதமாகிறது. வருகிற கிழமைக்குள் உம்முடைய விமான ரிக்கெற்றை மாற்ற வேண்டுமாம். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இப்போது யோசித்தாயிற்று.

அதற்கு முன் ஒன்று. வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் என் படத்தைக் காட்டி, தகட்டுக்குக் கீழே இருந்த எலும்பு மெலிந்திருக்கிறது என்றார். கிருமியா என்று கேட்டேன். "இல்லை ஐயா. இவ்வளவு காலமும் பாரத்தைத் தகடு தாங்கினது. எலும்புக்கு வேலை இல்லை. வேலை இல்லாத எலும்பு மெலியும். இப்ப முழுப் பாரத்தையும் ஒரேயடியாக் குடுத்தால் முறிஞ்சு போகும். கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்கோ, தேறும்" என்றார். ஆகவே கைத்தடியோடு குசினிவரை போய் வருகிறேன். தேநீர் நானே போடுகிறேன். சீனி எந்தப் போத்தலில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் எடுத்தது. நான் எலும்பைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பேத்தியின் கால்களுக்கு எண்ணெய் தடவி நீட்டி விடும். அவள் நோயின்றி நெடுந்தூரம் நடக்க வேண்டும். தர்மிளாவைப் பாரம் தூக்க விடவேண்டாம். பிள்ளைக்கு நீர் தேவை என்றால் நில்லும், நான் மறிக்கவில்லை. ஆனால் ஒரேயடியாக ஒரு வருஷம் என்று போட வேண்டாம். மூன்று மாதம் என்று போடும். அது முடிய இன்னொரு மூன்று மாதம் என்று கேளும், சம்மதிப்பேன். அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் என்னால் இயலும்.

உம்முடைய,
வீரகத்தி